வள்ளி முதல் உருளை வரை: மலைக் கிழங்கின் வரலாறு

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, சங்க இலக்கியம் பற்றியே எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். எனினும், மூன்றாண்டுகளுக்கு முன் ஆம்பூரில் நடைபெற்ற நம் மாதக் கூட்டத்தில் எழுந்து, விடை காணாமலே நின்றுபோன வினா ஒன்று என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. அதற்கு என்னால் இயன்ற விடையை ஈண்டு எழுத முற்படுகிறேன்.

அன்று நம் மூத்த கவிஞர் ஒருவர், பாலாற்றங்கரையில் தம் பாட்டனார் வைத்திருந்த மல்லாட்டைக் கொல்லையைப் பற்றி நீண்ட கவிதை ஒன்று படித்தார். மணலைக் கையால் தோண்டினாலே நீர் ஊறிய ஆறும், பச்சை மல்லாட்டையை அவித்து முற்றத்தில் அமர்ந்து உரித்துண்ட மாலைப் பொழுதும் அக்கவிதையில் உயிரோடு நின்றன. இடையே ஓரிடத்தில், நம் மண்ணின் விளைவுகள் மறைய, தட்டுகளை நிரப்பிவிட்ட ‘வந்தேறி’ என்று உருளைக்கிழங்கைச் சாடியிருந்தார். தலைமை ஏற்றிருந்த நான் அப்பகுதியைத் தனியே எடுத்துப் பாராட்டினேன். பாராட்டியதோடு அமையாமல், என் முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து ஒரு செய்தியையும் சேர்த்துச் சொன்னேன். குறிஞ்சி மக்கள் உண்ட வள்ளிக்கிழங்கே இன்று சர்க்கரைவள்ளி என்னும் பெயரில் நம் சந்தைக்கு வருகிறது. அதை விடுத்து அயற்கிழங்கை நாடுவது மரபறியாமை என்பது என் பேச்சின் சாரம்.

கைதட்டல் ஓய்ந்தபின், பின்வரிசையிலிருந்து என் தோழி எழுந்தார். எங்கள் கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவர். கோத்தகிரிப் பக்கத்துப் படகர் குடியில் பிறந்தவர். அன்றுதான் முதன்முறையாக நம் கூட்டத்திற்கு வந்திருந்தார். “ஐயா, உருளைக்கிழங்கு வந்தேறி என்றால், நாலைந்து தலைமுறையாக அதை நட்டு உயிர்வாழ்ந்த எங்கள் வீட்டார் யார்?” என்று கேட்டார். கவிஞர் சற்றுத் திகைத்து, “உங்களைச் சொல்லவில்லை, அம்மா” என்றார். அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

வீடு திரும்பும் பேருந்தில் தோழி என்னருகில் அமர்ந்து, மெல்லிய குரலில், “அக்கா, சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துக் கொடிதான். கொலம்பசுக்குப் பிறகு கப்பலேறி வந்தது. சங்ககால மலையில் அது இருந்திருக்க முடியாது” என்றார். என் ஆய்வேட்டில் ஒரு முழு இயல் அந்தப் பிழையின் மீது நின்றுகொண்டிருந்தது. புறத்தேர்வாளர் இருவரும் அதைக் கவனிக்கவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

புறநானூற்றின் 109ஆம் பாடலில் கபிலர் பாரியின் பறம்பு மலையைப் பாடுமிடத்து, உழவர் உழாமலே அம்மலை தரும் விளைவுகள் நான்கினைச் சொல்வார்: மூங்கில்நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். இந்த வள்ளி, தாவரவியலார் டயாஸ்கோரியா என்று வகைப்படுத்தும் காட்டுக்கொடிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதே பொருந்தும். கவலைக்கிழங்கும் அத்தகையதே. குறிஞ்சி நிலத்தார் அவற்றைத் தேடி அகழ்ந்தனர். அகழ்ந்த குழிகளைக் கூடப் புலவர்கள் கண்டு பாடினர். அயலிலிருந்து இனிய கிழங்கொன்று வந்து சேர்ந்தபோது, கொடியாய்ப் படர்ந்த அதற்கு நம் முன்னோர் பழைய பெயரையே நீட்டிச் ‘சர்க்கரைவள்ளி’ என்றனர். பிரேசில் நாட்டுப் பக்கமிருந்து வந்த மற்றொன்றுக்கு ‘மரவள்ளி’ என்று பெயரிட்டனர். பெயர் பழையது, பொருள் புதிது. பெயரைப் பிடித்துக்கொண்டு பொருளை நழுவவிட்டது என் குற்றம்.

உருளைக்கிழங்கிற்கு மட்டும் வள்ளி என்னும் பெயர் கிட்டவில்லை. அது கொடியன்று ஆதலின், வடிவு நோக்கி உருளை எனப்பட்டது. நம் எல்லைக்கு அப்பால் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கர் இதனை ‘உர்லகட்ட’ என்பர். ஆந்திரத்தின் பிற பகுதிகளில் ‘பங்காளா தும்ப’, அதாவது வங்காளத்துக் கிழங்கு, என்பர். மராத்தியர்க்கு இது ‘பட்டாட்டா’. போர்த்துக்கீசியர் வாயிலாக வந்த சொல். சிங்களத்தில் ‘அர்தாபல்’. இலங்கையை ஆண்ட டச்சுக்காரர் தம் மொழியில் ‘மண் ஆப்பிள்’ என்னும் பொருள்பட வழங்கிய ஆர்டாப்பெல் அங்கே அவ்வாறு திரிந்தது. ஐரோப்பியர்க்கும் நமக்கு நேர்ந்த குழப்பமே நேர்ந்தது என்பது சுவையான செய்தி. கரீபியத் தீவினர் சர்க்கரைவள்ளிக்கு இட்ட ‘பட்டாட்டா’ என்னும் பெயரும், ஆண்டீசு மலைமக்கள் உருளைக்கிழங்கிற்கு இட்ட ‘பாப்பா’ என்னும் பெயரும் ஒன்றோடொன்று மயங்கியே இன்றைய ஆங்கிலப் பெயர் பிறந்தது. கிழங்கின் பெயரில் இடறி விழுந்தவள் நான் ஒருத்தியல்லள்!

ஆண்டீசு மலைத்தொடரில், இன்றைய பெரு, பொலிவியா நாடுகளின் எல்லையிலுள்ள டிட்டிகாக்கா ஏரிப் பகுதியில், ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இப்பயிர் வளர்க்கப்பட்டு வருவதாக ஆய்வாளர் கருதுவர். இரவு உறைபனியில் கிழங்குகளைப் பரப்பி உறையவைத்து, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்தி, ஆண்டுக்கணக்கில் கெடாத வற்றலாக்கும் முறையை அம்மலைமக்கள் கண்டிருந்தனர். நம் வத்தல் வடகம் போடும் பெண்டிர்க்கு அவர்கள் உறவினர் எனலாம். 16ஆம் நூற்றாண்டில் இசுபானியர் இதனைக் கடல்கடத்தினர். ஐரோப்பாவில் நெடுங்காலம் ஐயத்தோடு நோக்கப்பட்டது. பின்னர் ஏழையர் உணவாயிற்று. அயர்லாந்து முற்றிலும் இதனையே நம்பி நின்ற நிலையில், 1845இல் கருகல் நோய் வந்தது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாடு நீங்கினர். கிழங்கிலிருந்தே மறுகிழங்கை எடுத்து நடுவதால், ஒரு வயலின் செடிகள் யாவும் ஒரே செடியின் படிகளாகவே அமைகின்றன. ஒன்றைத் தின்னக் கற்ற நோய் எல்லாவற்றையும் தின்னும்.

இனி நீலகிரிக்கு வருவோம். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பக்கம் மலையேறினார். 1822இல் உதகையில் கல்வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். ஐரோப்பியக் காய்கறிகளையும் உருளைக்கிழங்கையும் அம்மலையில் பயிரிட்டுப் பார்த்தவர் அவரே. நூல்கள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும். ‘சல்லிவன் அறிமுகப்படுத்தினார்’ என்னும் ஒற்றைத் தொடரில் வரலாறு முடிந்துவிடும். தோட்டத்தில் ஒரு பாத்தி வளர்ப்பது வேறு; ஒரு மலையே அதனை நம்பி வாழ்வது வேறு. இரண்டாவதைச் செய்தவர்கள் பெரும்பாலும் படகர் குடி உழவர்கள்.

‘படகர்’ என்னும் சொல்லே வடக்கர் என்று பொருள்படும். விசயநகரத்தின் வீழ்ச்சியை ஒட்டிய காலத்தில் மைசூர்ப் பக்கமிருந்து மலையேறியவர்கள் அவர்கள் என ஆய்வாளர் பலர் கருதுவர். தொன்றுதொட்டு அம்மலைக்கே உரியவர் தாம் என்று படகருள் சிலர் மறுப்பர். அவர்கள் விளைத்தவை சாமை, கேழ்வரகு, வாற்கோதுமை, கீரைத்தானியம் முதலியன. கோத்தர் இரும்புக் கருவியும் மட்கலமும் இசையும் தர, தோடர் நெய் தர, குறும்பர் தேனும் காட்டுப்பொருளும் தர, படகர் தானியம் தந்தனர். காசு புழங்காத இப்பரிமாற்றத்தை மானுடவியலார் பலர் வியந்து எழுதியுள்ளனர். ஆங்கிலேயர் வந்தனர், வெலிங்டனில் படைவீடு எழுந்தது, 1870 முதல் உதகை சென்னை அரசின் கோடைத் தலைநகராயிற்று. சாமைக்கு இல்லாத சந்தை உருளைக்கு இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், உதகைக்கு 1908இலும் இரயில் ஓடத் தொடங்கியபின் கிழங்கு மூட்டை சமவெளிக்கு இறங்குவது எளிதாயிற்று.

எளிதானது மூட்டைக்குத்தான், உழவர்க்கன்று. விதைக்கும் எருவிற்கும் மண்டி வணிகரிடம் முன்பணம் பெறுவதும், விளைந்ததை அவர் சொன்ன விலைக்கே தருவதுமாக ஆண்டுகள் கழிந்தன. இந்நிலையை மாற்றவே 1935இல் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது. படகர் தலைவர் ராவ் பகதூர் எச். பி. ஆரி கௌடர் அதனைப் பல்லாண்டு வழிநடத்தினார். மலையிலிருந்து இறங்கும் கிழங்கை மேட்டுப்பாளையத்தில் ஏலமிட்டு, விலையை உழவர் அறியச் செய்தது அச்சங்கம். இன்றும் அங்கே உதகைக் கிழங்கின் விலை 45 கிலோ மூட்டைக் கணக்கில்தான் கூறப்படுகிறது.

அடுத்த கோடை விடுமுறையில் தோழியின் ஊருக்குச் சென்றேன். படகர் தம் ஊரை ‘ஹட்டி’ என்பர். சரிவின் மீது ஒரே வரிசையாக நின்ற வீடுகளுள் ஒன்றில் அவர்தம் தாயார் என்னை வரவேற்றார். எண்பதை நெருங்கியவர்; வெண்துகில் உடுத்து, நெற்றியை ஒட்டித் தலைத்துணி கட்டியிருந்தார். நான் தமிழில் கேட்க, அவர் படகு மொழியில் சொல்ல, தோழி இடைநின்றார். ஆய்வேட்டுக்காக நூலகங்களில் செலவிட்ட ஐந்தாண்டுகளில் கிழங்கைப் பற்றி நான் அறியாதவற்றை அந்த ஒரு பிற்பகலில் அறிந்தேன் என்று சொன்னால் அது மிகையாகாது.

விதைக்கிழங்கைத் தெரிவது எப்போதும் பெண்களின் வேலையாக இருந்ததாம். கோழிமுட்டை அளவினதே விதைக்கு உரியது. பெரியதை விற்பதற்கும் மிகச் சிறியதைச் சமையலுக்கும் ஒதுக்குவர். பெரியதை இரண்டாக வெட்டி நட்டால் ஆகாதோ என்று கேட்டேன். ‘உங்கள் சமவெளியில் ஆகும், எங்கள் மழை மண்ணில் வெட்டுவாய் அழுகிவிடும்’ என்றார். தெரிந்தெடுத்தவற்றை வெயில் நேரே படாத, காற்றோடும் இடத்தில் பரப்பி வைப்பர். சில வாரங்களில் ‘கண்’ விழிக்கும். கண்ணிலிருந்து குட்டையாய்த் தடித்து வரும் முளையே நல்ல முளை. நூல்போல் மெலிந்து நீண்டு வந்தால் அக்கிழங்கு உள்ளே நோயுற்றது, நடலாகாது. தாவரவியலில் பட்டம் பெற்ற மகள், நச்சுயிரி தாக்கிய கிழங்கின் அடையாளம் இதுவே என்று எனக்கு விளக்கினார். தாயார்க்கு நச்சுயிரி என்னும் சொல் தெரியாது. எதை விலக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

மலையில் ஆண்டுக்கு மூன்று போகம். மழையை நம்பிச் சித்திரை வைகாசியில் நடுவது கார்போகம். ஆவணி ஒட்டி நடுவது கடைபோகம். தை மாசியில் பள்ளத்து நிலங்களில் நீர்பாய்ச்சி நடுவது நீர்போகம். நட்டபின் களையெடுத்து இருமுறை மண் அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் கிழங்கு வெளியே தலைநீட்டும். வெயில் பட்ட இடம் பச்சைபிடித்துக் கைக்கும், உண்டவர்க்கு நஞ்சாகும். உருளைக்கிழங்கு வேரன்று, மண்ணுக்குள் திரண்ட தண்டு. ஆதலின் ஒளி கண்டால் தண்டின் இயல்புப்படி பச்சையாகிவிடுகிறது. (அன்றைய கவிதையில் ‘வேரற்றது’ என்றும் ஒரு தொடர் இருந்ததாக நினைவு. தாவரவியற்படி அது முற்றிலும் சரி!) இலை மஞ்சளித்ததும் உடனே தோண்டிவிடுவதில்லை. தழையை அறுத்துவிட்டுப் பத்து நாள் காத்திருப்பர். அதற்குள் மண்ணுக்குள்ளேயே தோல் முற்றும். முற்றாத தோல் மூட்டையில் உரிந்து, மேட்டுப்பாளையம் சேருமுன் அழுகல் பற்றும். நட்ட நாளிலிருந்து நான்கு மாதம் வேண்டும்.

நான் வெட்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். மரபு என்றால் ஈராயிரம் ஆண்டுப் பழமை வேண்டும் என்று எண்ணியிருந்தவள் நான். இவர்கள் நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளில் ஓர் அயற்பயிருக்குப் பருவமும் தெரிவும் விலக்கும் காத்திருப்பும் வகுத்து, அதனைத் தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறார்கள். காட்டுவள்ளி ஆளின்றியும் வளரும். உருளையை ஒவ்வொரு போகத்திலும் ஒரு கை தெரிந்தெடுத்து ஊன்றாவிட்டால் இரண்டாண்டில் அம்மலையில் அதன் சுவடு இராது. பிறந்த இடத்தைக் கொண்டு ஒரு பயிரை உரியது, அயலது என்று பிரிப்பதைவிட, அதனைப் பேணும் அறிவு யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பதே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைச் சொல்லும்போது அந்த வாழ்க்கையைப் பொன்னாக்கிக் காட்டவும் நான் விரும்பவில்லை. கிழங்கு கொண்டுவந்த காசு பழைய பரிமாற்றத்தைத் தளர்த்திய காரணங்களுள் ஒன்று. தோடரின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் பல கிழங்குக் காடாயின. சரிவை நெடுக்காகக் கீறிப் பார் பிடித்ததால் மழைதோறும் மேல்மண் ஓடைக்குப் போயிற்று. அதைத் தடுக்கும் வழி காணவே மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் 1954இல் உதகையில் நிறுவப்பட்டது. அயர்லாந்தை அழித்த அதே கருகல், பனிமூட்டம் மூன்று நாள் நீங்காவிட்டால் இம்மலையிலும் இறங்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பதே நெடுங்காலம் மருந்தாக இருந்தது. ஒரே இரவில் வயல் கருகி நாறியதைத் தாயார் சொன்னபோது, மகள் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார்.

கண்ணுக்குத் தெரியாத பகை பின்னர் வந்தது. 1961இல் உதகைப் பகுதி வயலொன்றில், ஜோன்சு என்னும் ஆங்கிலேய அறிஞர், கிழங்கின் வேரைத் தாக்கும் பொன்னிற முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டறிந்தார். கடுகினும் சிறிய அக்கூடு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். கிழங்கு நடாமல் விட்டாலும் அவை இருபது ஆண்டுவரை மண்ணுள் உறங்கிக் காத்திருக்கும். ஓய்வின்றி ஒரே பயிரை ஏற்ற மண்ணில் அது பெருகியது. நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்லத் தடை வந்தது. உதகையை அடுத்த முத்தோரையில் 1957 முதல் இயங்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், கருகலையும் நூற்புழுவையும் தாங்கும் ‘குஃப்ரி சுவர்ணா’ என்னும் வகையை 1985இல் தந்தது. அதற்கு முன் மலையெங்கும் விரும்பப்பட்டது ‘கிரேட் ஸ்காட்’. பின்னர் 1968இல் வெளியான ‘குஃப்ரி ஜோதி’ பரவியது. குஃப்ரி என்பது சிம்லாவை அடுத்த ஊர். காலத்தின் விளையாட்டு, 2018இல் இமாசலத்திலும் அந்நூற்புழு கண்டறியப்பட்டதாக, அங்கிருந்தும் விதைக்கிழங்கு வெளியே செல்ல நடுவண் அரசு தடை விதித்தது.

இங்கே ஒரு கூட்டத்தாரை விட்டுவிட்டு மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கை மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. நூறாண்டுக்கு மேலாகக் காப்பிக்கும் தேயிலைக்கும் உழைத்த அம்மக்களுள் கணிசமானோர் நீலகிரியில் வந்திறங்கினர். அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்றவர் போக, ஏனையோர் கேரட், முட்டைக்கோசு, உருளைக்கிழங்குத் தோட்டங்களில் நாட்கூலிகளாயினர். அங்கே ‘வந்தேறி’யாய் இருந்து திரும்பியவர்கள் இங்கே ‘சிலோன்காரர்’ ஆயினர். தோழியின் ஊருக்குக் கீழே அவர்களது குடியிருப்பு ஒன்று உண்டு. கிழங்கு தோண்டும் நாளில் முள்கொத்தைப் பிடிப்பவர்கள் அவர்களே. கிழங்கில் முள் பாயாமல் மண்ணை நெம்பி எடுக்கும் நயத்தை அவர்கள் எங்கே கற்றனர் என்று கேட்டேன். ‘வேறென்ன செய்வது, கற்றுக்கொண்டார்கள்’ என்றார் தாயார். கவிஞர் பெருமக்களே, ஒரு கிழங்கின் மேல் நாம் வீசும் சொல் எவ்வளவு தொலைவு சென்று யார்மேல் விழும் என்பதை அன்று நான் எண்ணிப் பார்த்தேன்.

இன்று அந்த ஹட்டியைச் சுற்றி மிகுதியாகக் காணப்படுவது தேயிலை. நூற்புழுவும் விலைச்சரிவும் கூலியுயர்வும் உந்த, 1960களுக்குப் பின் சிறு உழவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தேயிலைக்கு மாறினர். அதற்கும் 1990களின் இறுதியில் விலை வீழ்ந்தது. இந்தியா உருளைக்கிழங்கு விளைவில் உலகில் சீனாவிற்கு அடுத்த இடத்தில் இருப்பினும், உத்தரப்பிரதேசமும் வங்காளமுமே அதில் முந்தி நிற்பன. நம் வேலூர் நேதாஜி அங்காடிக்குப் பெரிதும் வருவது கோலார்ப் பக்கத்துச் செம்மண் ஒட்டிய கிழங்கு. கருமண் ஒட்டிய உதகைக் கிழங்கு எப்போதாவது வந்தால் விலை கூடுதல்.

நீலகிரிக்கும் நம் தோல் நகரங்களுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு; அது மரப்பட்டையின் உறவு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே தோலைப் பதனிட்டனர். பதனிடும் துவர்ப்பொருளுக்காக நீலகிரிப் புல்வெளிகளில் ஆத்திரேலிய நாட்டு வாட்டில் மரத்தை அரசு பரவலாக நட்டது. மலைமக்கள் அதனைச் சீகை மரம் என்பர். நட்ட இடத்தோடு அது நிற்கவில்லை. ஆள் வைக்காமலே பரவி, புல்வெளியையும் குறிஞ்சிப் புதரையும் மூடியது. அதைக் களைவதற்குத் தமிழ்நாடு அரசு 2022இல் கொள்கையே வகுக்க வேண்டியதாயிற்று. வந்தேறி என்று வைய ஒரு தாவரம் வேண்டுமெனில் அது அங்கே நிற்கிறது. நம் தொழிலின் பொருட்டு ஏறியது.

பட்டையின் காலம் போய் 1970களில் குரோமிய முறை மேலோங்கியது. பச்சைத்தோல் கெடாதிருக்க அப்பும் உப்பும், பதனிடும் இரசாயனமும் பாலாற்றுப் படுகையில் இறங்கின. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், தோல் பதனிடும் பகுதியில் சற்றேறக்குறைய 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஒவ்வாமற் போனதையும் உச்சநீதிமன்றம் 1996 ஆகசுட்டு 28ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் எடுத்துரைத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய அத்தீர்ப்பு உலகச் சட்டக் கல்லூரிகளில் பயிலப்படுகிறது. நிலம் திரும்பவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபின்னும், கிணற்றில் ஏற்கெனவே கரைந்த உப்பு எளிதில் நீங்குவதாயில்லை.

இனிக் கவிஞரின் கொல்லைக்கு வருகிறேன். மல்லாட்டை என்னும் நம் வட்டாரச் சொல், மணிலாக்கொட்டை என்பதன் சிதைவு. மணிலா, பிலிப்பைன்சு நாட்டின் தலைநகர். நிலக்கடலையின் பிறப்பிடமோ பொலிவியாவின் தென்பகுதியும் அதனையடுத்த அர்ச்சென்டீனாவும். அதாவது உருளைக்கிழங்கு பிறந்த மலைத்தொடரின் அடிவாரம்! இரண்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு நாட்டு எண்ணெய் ஆலைகளுக்காகப் புதுச்சேரித் துறைமுகம் வழியே ஏற்றுமதி பெருகியபோதுதான் ஆர்க்காட்டு மாவட்டங்களின் மானாவாரி நிலமெங்கும் அது பரவியது. நம் பாட்டன்மார் கொல்லையில் அதற்கு முன் ஆண்டது கேழ்வரகும் சோளமும் கம்பும். பழமையும் மண்ணுரிமையும் ஒருங்கே உள்ள காய் வேண்டுமெனில், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் முள்ளுக் கத்தரிக்காய் இருக்கிறது. ஆம்பூர்ப் பிரியாணிக்குக் கத்தரிக்காய்த் தொடுகறியே துணை என்பது அன்பர்கள் அறிந்ததே. ஆனால் அந்தக் கத்தரியும் உருளையும் தாவரவியலில் ஒரே குடும்பத்தின!

சென்ற ஆண்டு கூட்டமொன்றிற்குத் தோழி, தாயார் கொடுத்தனுப்பிய கிழங்கு சிறுமூட்டையாகக் கொண்டுவந்து எல்லோர்க்கும் பகிர்ந்தார். கருமண் உதிராத கிழங்குகள். மூத்த கவிஞர்க்கு நான் மணிலாவின் கதையை முன்பே சொல்லியிருந்தேன். அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. தம் கவிதையைத் திருத்தினாரா என்பதை நானும் கேட்கவில்லை. அன்று கையில் ஒரு கிழங்கை எடுத்து, அதன் கண்களை விரலால் தடவிப் பார்த்து, “இதை எங்கள் கொல்லையில் ஒரு பாத்தி ஊன்றிப் பார்க்கலாமா, அம்மா? மார்கழியில் கொஞ்சம் குளிர் இருக்கும்” என்று தோழியிடம் கேட்டார்.

“ஊன்றலாம், ஐயா. ஆனால் இது உப்பு தாங்காது. உங்கள் கிணற்று நீர் எப்படி?”

கவிஞர் கிழங்கை மூட்டையில் திரும்ப வைத்தார். “அந்த நீரை மாடே குடிப்பதில்லை, அம்மா” என்றார்.